வளராத எழுத்தும் எட்டடி ஜமக்காளமும்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே. பின்னால் உட்கார்ந்திருக்கிற அம்மணியும் முன்னால் வரட்டும். இது கத்திச் சொல்கிற கதை இல்லை. ஒரு பெட்டிக்குள் இருந்துகொண்டு வளரமாட்டேன் என்று அடம்பிடித்த எழுத்தின் கதை. அது வளர்ந்தபோது என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், அடக்கி வைத்தால் வயிற்றுக்கு ஆகாது.

நடந்தது தொண்ணூற்றொன்பதாம் வருசம். பீளமேட்டில் அப்புசாமி என்று ஒருவர், கிணற்று மோட்டார் செய்கிற சிறிய கம்பெனி வைத்திருந்தார். அவருடைய அம்மா நாச்சியம்மாளுக்கு வயது எழுபத்தாறு. நாச்சியம்மாளுக்கு ஒரே தங்கை ராசாத்தாள், அவிநாசியில் மகன் வேலுமணியோடு இருந்தார். அக்காளும் தங்கையும் பேசிப் பதினேழு வருசம் ஆகியிருந்தது.

காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. ராசாத்தாள் புது வீடு கட்டிக் குடிபோனபோது அடித்த பத்திரிகையில், அக்காள் பெயர் தங்கை பெயரைவிடச் சிறிய எழுத்தில் வந்துவிட்டது. அச்சகத்தில் பெரிய எழுத்து தீர்ந்துபோனது என்றார் ராசாத்தாள். "எம்பேருக்கு வரும்போதுதான் தீந்துதாக்கும்?" என்று கேட்டுவிட்டுப் பந்தியில் இருந்து எழுந்து போனவர்தான் நாச்சியம்மாள். பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆனால் பாருங்கள், அவிநாசிப் பக்கமிருந்து யார் வந்தாலும், "அங்கெல்லாம் மழை உண்டா?" என்று கேட்காமல் விடமாட்டார். மழையைப் பற்றி அவருக்கு என்ன கவலை? அவிநாசியிலும் அப்படித்தான். பீளமேட்டுக்குப் போய் வந்தவர்களிடம், "அங்க தண்ணிப் பஞ்சமாமே, வயசானவங்க எப்படிச் சமாளிக்கறாங்க?" என்று ராசாத்தாள் பொதுவாகக் கேட்பார். மகன்கள் இருவருக்கும் இது தெரியும். இரண்டு பேரில் ஒருவர் போன பிறகு மற்றவர் வந்து விழுந்து அழுவதைவிட, இருக்கும்போதே ஒரு வாய்ச் சோறு ஒட்டுக்காய், ஒரே பந்தியில் தின்னட்டும் என்று அப்புசாமியும் வேலுமணியும் கூடிப் பேசினார்கள்.

மேட்டுப்பாளையம் போகும் வழியில் அவர்கள் குலதெய்வக் கோயில். வைகாசியில் பொங்கல் நோம்பி என்கிற திருவிழா. அன்றைக்கு மூத்தவர்கள் பந்திக்கு என்று ஒரு புது ஜமக்காளம், பவானியில் நெய்தது. எட்டடி அகலம், பதினாறடி நீளம். ஒரு தலைமாட்டில் நாச்சியம்மாள் பெயர், மறு தலைமாட்டில் ராசாத்தாள் பெயர். இரண்டும் ஒரே அளவு, ஒரு நூல் கூடவோ குறையவோ கூடாது. இதற்கு இரண்டு பெரியவர்களும் சம்மதித்தார்கள்.

"ஆனா நெய்யறதுக்கு முந்தி எம்பேர நான் கண்ணுல பாக்கோணும். பாக்காம நோம்பிக்கு வரமாட்டேன்" என்றார் நாச்சியம்மாள்.

"அவங்க பாத்தா நானும் பாப்பேன்" என்று அவிநாசியிலிருந்து பதில் வந்தது.

பார்க்கிறதற்கு வழி அப்புசாமியின் கம்பெனியிலேயே இருந்தது. அங்கே மோட்டாருக்குப் படம் வரைகிற பெண் சண்முகப்ரியா. இருபத்துமூன்று வயது, கெட்டிக்காரி. அவளுடைய கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி. அவளோடு படித்த ஆல்வின் என்ற பையன் கொண்டுவந்து ஏற்றிக் கொடுத்தான். "இதுல வைரஸ் வராதுங்ணா" என்று அவள் சொன்னபோது, "சளி புடிக்காத பெட்டியா? அப்பப் போடு கண்ணு" என்று அப்புசாமி உத்தரவு கொடுத்தார். அதில் வரைகிற மென்பொருளும் இருந்தது. தமிழ் எழுத்துக்கும் ஆல்வினே ஒரு ஃப்ளாப்பி கொடுத்திருந்தான்.

சண்முகப்ரியா ஜமக்காளத்தை வரைந்தாள். சிவப்புப் பட்டை, பச்சைப் பட்டை, ஓரத்தில் கறுப்பு. இரண்டு தலைமாட்டிலும் பெயர். எழுத்தின் அளவு நாற்பது என்று கொடுத்தாள். கணக்குப்படி அரைச் சாண் உயரத்துக்கு வர வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை நாச்சியம்மாள் வந்தார். மானிட்டருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

"எங்கம்மணி எம்பேரு?"

"இங்கீங்க ஆத்தா." சண்முகப்ரியா மவுஸ் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

நாச்சியம்மாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு குனிந்தார். "இது எம்பேரா, இல்ல ஈ ஒக்காந்துபோட்டுப் போனதா?"

"இருங்க ஆத்தா, பெருசு பண்றேன்." அவள் அளவை எண்பது என்று மாற்றினாள். எழுத்து அப்படியே இருந்தது. நூற்றறுபது கொடுத்தாள். அசையவில்லை. சரி, படத்தையே பெரிதாக்கிக் காட்டலாம் என்று ஜூம் செய்தாள். ஜமக்காளம் விரிந்தது. சிவப்புப் பட்டை அவிநாசி ரோடு அகலத்துக்கு வந்தது. எழுத்து மட்டும் எறும்பு ஊர்ந்த கோடாக அங்கேயே கிடந்தது.

"ஜமக்காளம் வளருது, பட்டை வளருது, நான் மட்டும் வளரல" என்றார் நாச்சியம்மாள். "ஏண்டா அப்புசாமி, இந்தப் பெட்டிக்கு அவிநாசியில இருந்து யாராச்சும் சொல்லி உட்டிருக்காங்களா?"

அப்புசாமி மானிட்டர் பக்கம் குனிந்து, வீட்டுக்கு வந்த சம்பந்தியிடம் பேசுகிற குரலில், "ஏனுங்க, பெரியவங்க வந்திருக்கறாங்க. சித்த பாத்துப் பண்ணுங்க" என்றார்.

சண்முகப்ரியா இன்னொரு வேலை செய்து பார்த்தாள். மானிட்டரில் புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொரு புள்ளியும் பருக்கும்படி வைத்தாள். எல்லாம் ஒரு சுற்றுப் பெரிதாயிற்று, எழுத்தும்தான். ஆனால் ஜமக்காளத்தில் பாதி திரைக்கு வெளியே போய்விட்டது. ராசாத்தாள் பெயர் இருந்த பாதி.

"இது நல்லாருக்குது. இப்படியே நெய்யச் சொல்லிப்போடு" என்றார் நாச்சியம்மாள்.

"அம்மா, இது நெசமில்லீங்க. சின்னம்மா பேரு வெளிய போயிருச்சு."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

மறுபடியும் பழையபடி வைத்தார்கள். அளவும் நாற்பதுக்கே வந்தது. அப்புசாமி டீ சொல்ல வெளியே போனார். நாச்சியம்மாள் பையில் இருந்து ஒரு கட்டு முருங்கைக்காயை எடுத்து மேசைமேல் வைத்தார். "கண்ணு, எனக்கு மட்டும் ஒரு அஞ்சு எச்சாப் போட்டுரு. அப்புசாமி காதுக்குப் போவ வேண்டாம்."

பெரியவர்கள் கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாத ஊர் நம்முடையது. போடாமலே போட்டுவிட்டேன் என்று சொல்லவும் சண்முகப்ரியாவுக்கு மனசு வரவில்லை. பொய் சொல்லி வளர்ந்தவள் இல்லை அவள். நாற்பத்தைந்து என்று மாற்றினாள். திரையில் ஒரு மாற்றமும் இல்லை. யாருக்கும் கெடுதல் இல்லாத காரியம் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ராசாத்தாள் வந்தார், வேலுமணியோடு. அவரும் குனிந்து பார்த்தார். "எறும்பாட்ட இருக்குதேப்பா. அவங்க பேரும் எறும்பா?"

"அதுவும் எறும்புதானுங்க" என்றாள் சண்முகப்ரியா.

"அது வரைக்கும் சரி." வேலுமணி டீ குடிக்கப் போன நேரத்தில் ராசாத்தாள் கைமுறுக்கு டப்பாவை நகர்த்தினார். "அம்மணி, எம்பேரு குட்டைப் பேரு. பாக்கறதுக்கு எடுப்பா இருக்காது. ஒரு அஞ்சு எச்சாப் போடு. வேலுமணிக்குத் தெரிய வேண்டாம்."

இப்போது இரண்டும் நாற்பத்தைந்து. நியாயம் சமமாயிற்று என்று சண்முகப்ரியாவுக்கு நிம்மதி. ஆனால் அடுத்த செவ்வாய் ஐந்து, அடுத்த வெள்ளி ஐந்து. திரையில் எறும்பு எறும்பாகவே இருந்ததால், வந்து பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அவர்களுக்கு ஆசை தீரவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவைகூட வந்தார்கள். ஒரு மாதத்தில் கம்பெனியில் எல்லோர் வீட்டிலும் முருங்கைக்காய்க் குழம்பு, எல்லோர் மேசையிலும் முறுக்கு. எழுத்தின் அளவு இந்தப் பக்கம் எழுபது, அந்தப் பக்கம் எழுபது. ஒரு சாண்தானே, போகட்டும்.

அதற்குள் நெய்கிறவர் சொல்லிவிட்டார், இருபது நாள் வேண்டும் என்று. வேலுமணிக்குத் திருப்பூரில் தொழில். பனியன் கம்பெனிகளுக்குப் பெரிய தாளில் டிசைன் அச்சடித்துக் கொடுப்பார். அவர் வந்து படத்தையும் தமிழ் எழுத்தையும் ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டு போனார். தாளில் நிஜ அளவுக்கு அச்சடித்து, ஒட்டி, நேராகப் பவானிக்கு அனுப்பிவிடுவதாக ஏற்பாடு.

"இன்னும் திரையில சரியா வரலீங்களே" என்று சண்முகப்ரியா தயங்கினாள்.

"திரையத்தான் நெய்யப் போறாங்களா கண்ணு? தாளத்தான நெய்யறாங்க" என்றார் வேலுமணி.

வேலை நடக்கட்டும் என்று விட்டாலும் நாச்சியம்மாள் பிடித்த பிடியை விடவில்லை. திரையில் தன் பெயர் பெயராகத் தெரியாமல் நோம்பிக்கு வருவதில்லை என்று சொல்லிவிட்டார். அக்காள் வராவிட்டால் தங்கை எதற்கு வருவார்? பதினேழு வருசம் பதினெட்டாகும். அந்த வயதில் ஒரு வருசம் என்றால் சின்ன விஷயமா?

நோம்பிக்கு இன்னும் மூன்றே நாள். காலையிலேயே நாச்சியம்மாள் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சண்முகப்ரியா கடைசியாக ஆல்வினுக்குப் போன் போட்டாள். அவன் பெங்களூரில் வேலைக்குப் போயிருந்தான். "எழுத்து வெச்சிருக்கற டைரக்டரி ரெண்டு இருக்கும் பாரு. ஒண்ணு எழுபத்தஞ்சு, இன்னொண்ணு நூறு. எதை முன்னால வெச்சிருக்குதுன்னு பாரு" என்று சொல்லும்போதே லைன் போய்விட்டது.

"எழுபத்தஞ்சா, நூறா? எத முன்னால வெக்கறதுன்னு தெரியலீங்ணா" என்றாள் சண்முகப்ரியா.

"தெரியலீன்னா எதுக்கு வெசனம்? பூக் கேட்டுருவோம்" என்றார் அப்புசாமி.

பெண் பார்க்கிறதில் இருந்து போர்க்கிணறு போடுகிறது வரைக்கும் அவர்கள் வீட்டில் சாமியிடம் பூக் கேட்காமல் ஒன்றும் நடக்காது. வெள்ளை அரளி ஒரு இலையில், செவ்வரளி ஒரு இலையில், இரண்டையும் ஒரே மாதிரிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் வைப்பார்கள். ஒன்றை எடுத்துப் பிரித்தால் உத்தரவு தெரிந்துவிடும். ஆபீஸ் சுவரில் குலதெய்வத்தின் படம் இருந்தது. கம்ப்யூட்டருக்கு மேலேதான். வெள்ளை வந்தால் எழுபத்தைந்து, சிவப்பு வந்தால் நூறு என்று அப்புசாமி கற்பூரம் காட்டிச் சொன்னார். நாச்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். வெள்ளை.

சண்முகப்ரியா பயபக்தியாக எழுபத்தைந்தை முன்னால் வைத்தாள். திரை ஒருமுறை கண் சிமிட்டியது. எழுத்து முன்னைவிடச் சிறியதாயிற்று.

"எறும்பும் போச்சு. பேன் ஆயிட்டேன்" என்றார் நாச்சியம்மாள்.

"சாமி தப்பாச் சொல்லிருச்சுங்களேண்ணா!" சண்முகப்ரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புசாமிக்குக் கோபம் வந்தது, கம்ப்யூட்டர்மேல் அல்ல, அவள் பேச்சின்மேல். "சாமி தப்பாச் சொல்லாது கண்ணு. ரெண்டு பொட்டலம் வெச்சா ரெண்டுல ஒண்ணத்தான் தரும். மூணாவது ஒண்ணு இருந்தா நீயில்ல மடிச்சு வெக்கோணும்?"

சண்முகப்ரியா அழுகையை நிறுத்தினாள். மூன்றாவது ஒன்று இருக்கிறதா என்று அவள் தேடவே இல்லையே.

தேடினாள். இருந்தது.

அதை உங்களுக்கு என் மொழியில் சொல்கிறேன் கேளுங்கள். எழுபத்தைந்திலும் நூறிலும் இருந்த எழுத்துகள் தைத்து வைத்த சட்டைகள். புள்ளி புள்ளியாக என்ன அளவில் தைத்தார்களோ அந்த அளவுதான். பெரிய ஆளுக்குக் கேட்டாலும் இருக்கிறதைத்தான் எடுத்து நீட்டும். மூன்றாவது டைரக்டரியில் இருந்தது தையற்காரர். துணியும் கத்தரியும் வைத்துக்கொண்டு, கேட்ட அளவுக்கு அப்போதே வெட்டிக் கொடுப்பவர். ஆல்வின் கொடுத்த ஃப்ளாப்பியில் இரண்டு வகையும் இருந்திருக்கின்றன. திரைக்கு எழுத்து எடுத்துத் தருகிற நிரலிடம் ஒரு பட்டியல் உண்டு, எந்தெந்த டைரக்டரியில் போய்ப் பார்ப்பது என்று. அந்தப் பட்டியலில் மூன்றாவதன் பெயரைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. தையற்காரர் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார், யாரும் கூப்பிடவில்லை. அவ்வளவுதான் கோளாறு.

சண்முகப்ரியா பட்டியலில் மூன்றாவது பெயரைச் சேர்த்தாள். முதலில் வைத்தாள். மறுபடி படித்துக்கொள் என்று கட்டளை கொடுத்துவிட்டு, படத்தைத் திறந்தாள்.

திரை கறுத்துப்போயிற்று.

சிவப்புப் பட்டையும் காணோம், பச்சைப் பட்டையும் காணோம். இந்தப் பாதி முழுக்க ஒரு 'நா', அந்தப் பாதி முழுக்க ஒரு 'ரா'. நடுவில் ஒரு முழம் மட்டும் சிவப்பு எட்டிப் பார்த்தது. மிச்ச எழுத்தெல்லாம் ஜமக்காளத்தைத் தாண்டி வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

"வளந்துட்டேன்!" நாச்சியம்மாள் நாற்காலியில் இருந்து எழுந்தேவிட்டார். "இப்பத்தான் எம்பேருக்கு ஒடம்பு வந்திருக்குது. நான் நோம்பிக்கு வாரேன். அப்புசாமி, வண்டி சொல்லிரு!"

சண்முகப்ரியா அளவு எழுதியிருந்த கட்டத்தைப் பார்த்தாள். எழுநூறு. இந்தப் பக்கம் எழுநூறு, அந்தப் பக்கமும் எழுநூறு. அவள் போட்டது எழுபது. யாரோ ஒரு சைபரைச் சேர்த்திருக்கிறார்கள். வேலுமணியின் அச்சு மெஷினுக்குத் தையற்காரரை முதலிலேயே தெரியும், திரைக்குத்தான் தெரியாது. அப்படியானால் பவானியில் இப்போது தறியில் ஏறியிருப்பது எது? இரண்டு பெயரும் அரைகுறையாக நிற்கிற ஒரு ஜமக்காளத்தைக் கொண்டுபோய் விரித்தால், அக்காளும் தங்கையும் அப்படியே திரும்பிப் போய்விடுவார்களே!

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு அப்புசாமியும் சண்முகப்ரியாவும் பவானிக்கு பஸ் ஏறினார்கள். பெருந்துறை தாண்டுவதற்குள் அவள் முருங்கைக்காயில் இருந்து முறுக்கு வரை ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

"எல்லாம் சரிங்ணா. ஆனா அந்த சைபர் நான் போட்டதில்லீங்க."

அப்புசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நாந்தான் கண்ணு. ஒருநா நீ சாப்புடப் போயிருந்த. அம்மா மூஞ்சியப் பாக்க முடியல. ஒரு சைபர்தானன்னு அமுக்கிப்போட்டேன். பாத்தா ஒண்ணுமே ஆகல. அதனால சொல்லல."

"அப்ப ராசாத்தாம்மாவோடது?"

அதற்குப் பதில் பவானியில் கிடைத்தது. தறி வீட்டு வாசலில் வேலுமணி நின்றுகொண்டிருந்தார், திருடன் போலீஸைப் பார்த்ததுபோல.

"ஏனுங்ணா, நீங்களும் வந்துட்டீங்களா?" என்று இளித்தார். "ஃப்ளாப்பி எடுக்க வந்தன்னிக்கு அம்மாவுக்காக நானும் ஒரு சைபர் சேத்திப்போட்டனுங்க."

"தாள்ல அச்சடிக்கறப்பப் பாத்திருப்பயல்ல? ஊட்டுக் கதவாட்ட எழுத்து வந்திருக்குமேடா! ஒரு வார்த்த கேக்க வேண்டாமா?"

"எப்படிங்ணா கேக்கறது? பெரியம்மா பேரு ஏன் இத்தன பெருசுன்னு கேட்டா, எங்கம்மா பேரு ஏன் இத்தன பெருசுன்னு நீங்க கேப்பீங்களே!"

அப்புசாமி செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படி ஏறினார்.

நெய்கிறவர் தம்பிதுரை உள்ளே இருந்து வந்தார். நிதானமான மனிதர். ஜமக்காளத்தைத் தறியில் இருந்து இறக்கி மடித்துக்கூட வைத்துவிட்டார். விரித்துக் காட்டினார். திரையில் பார்த்ததேதான். ஒரு 'நா', ஒரு 'ரா', நடுவில் ஒரு முழம்.

"உங்களுக்கும் கேக்கத் தோணலீங்களா?" என்றாள் சண்முகப்ரியா.

"பெரிய எடத்துக் காரியம், எதாச்சும் காரணம் இருக்கும்னு உட்டுட்டேன் அம்மணி. ஓரத்துக்கு வெளிய போன எழுத்தெல்லாம் தாள்ல பத்திரமா இருக்குது. ஜமக்காளத்துக்கு ஒரு எழுத்துன்னு நெய்யறதாக்கும்னு நெனச்சேன். மொத்தம் ஏழு ஆவுமுங்க. நூல் சாயம் போட்டு வெச்சாச்சு." பிறகு தலையைச் சொறிந்தார். "ஒண்ணுதான் யோசன. ஒரு அம்மா பேரு அஞ்செழுத்துல முடிஞ்சிருது. கடைசி ரெண்டு ஜமக்காளத்துல அவங்க பக்கம் வெறுமையா இருக்கும். பரவால்லீங்களா?"

வேலுமணி அவசரமாக ஜமக்காளத்தை மடித்தார். "அண்ணா, இதொண்ண மட்டும் தூக்கிட்டுப் போயிரலாம்" என்றார். புதிதாக நெய்ய நாள் இல்லை. பெயர் போட்ட ஜமக்காளம் இல்லாமல் போனால் அம்மாக்கள் வண்டியைவிட்டு இறங்கமாட்டார்கள். தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஏழாவது வரை எப்போது நெய்வது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத் தம்பிதுரையும் கூடவே வந்தார்.

நோம்பியன்று கோயில் வேப்பமரத்தடியில் ஜமக்காளத்தை விரித்தார்கள். நூற்றைம்பது பேர் சொந்தம். நானும் போயிருந்தேன். பொங்கல் வைத்து, பூசை முடிந்து, இலை போடலாம் என்று சொன்னதும் மூத்தவர்கள் ஜமக்காளத்துப் பக்கம் வந்தார்கள். வந்தவர்கள் ஓரத்திலேயே நின்றுவிட்டார்கள்.

"எப்படி உக்கார்றது? நாச்சியக்கா பேருல்ல கெடக்குது!"

"இந்தப் பக்கம் வாங்க."

"இந்தப் பக்கம் ராசாத்தாக்கா. பேரு மேல குண்டிய வெக்கச் சொல்றயா?"

மேலே இன்னொரு ஜமக்காளம் போட்டு மூடிவிடலாம் என்றார் ஒருவர். உயிரோடு இருக்கிறவர்கள் பெயரை மூடுகிறதா என்று நாலு பேர் சண்டைக்கு வந்தார்கள். மடித்துப் போடலாம் என்றார் இன்னொருவர். எந்தப் பெயரை மடிப்பது என்று கேட்டதும் அவர் கையலம்பப் போய்விட்டார். கடைசியில் நடுவில் இருந்த ஒரு முழத்தில் பூசாரி மட்டும் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்தார். மற்ற நூற்றைம்பது பேரும் சுற்றி நின்றோம். இலையைக் கையில் ஏந்தி, ரசத்தை ஊற்றவிட்டு, அது முழங்கை வழியாக ஓட, நின்றபடியே சாப்பிட்டோம்.

அப்போதுதான் நாச்சியம்மாள் வண்டியை விட்டு இறங்கினார். தன் எழுத்தைப் பார்த்தார். யாரையும் கேட்காமல் நேராகப் போய் அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ராசாத்தாளும் வந்தார். அவர் தன் எழுத்தின்மேல் உட்கார்ந்தார். அவரவர் பெயரில் அவரவர் உட்கார யார் தடுப்பது? இருவருக்கும் நடுவில் பன்னிரண்டடி, ஒரு பூசாரி.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நாச்சியம்மாள் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "அக்கட்ட உக்காந்திருக்கறவங்களுக்கு அப்பளம் போச்சான்னு கேளு" என்றார். பரிமாறுகிறவரால் ஜமக்காளத்துப் பெயரை மிதிக்க முடியாதே. ஓரத்தில் நின்றவர் காதில் சொன்னார். அவர் அடுத்தவர் காதில். அப்படியே ஜமக்காளத்தைப் பாதி சுற்றிப் போய் ராசாத்தாள் காதுக்குச் சேர்ந்தது. அவருக்கு முதல் தடவையே நன்றாகக் கேட்டிருந்தது. இருந்தாலும் காத்திருந்து கேட்டுக்கொண்டு, "வந்துச்சுன்னு சொல்லுங்க. அவங்களுக்கு மூட்டு வலின்னு சொன்னாங்களே, சம்மணம் போட வேண்டாம்னு சொல்லுங்க" என்றார். அது மறுபாதி சுற்றி வந்தது. சண்முகப்ரியா, தன் இலையில் சோறு ஆறிக் காய்ந்துபோக, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகக் கண்ணை ஓட்டிக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது சுற்றில் அப்புசாமிக்குப் பொறுக்கவில்லை. "சின்னம்மா, நீங்க எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்து உக்காருங்களேன்!"

ராசாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அங்க எப்படிரா உக்கார்றது? அது மூத்தவ பேரு."

பதினேழு வருசம் 'அவங்க' என்றும் 'அங்க இருக்கறவங்க' என்றும் சொல்லிக்கொண்டிருந்தவர் வாயில் இருந்து 'மூத்தவ' என்று வந்துவிட்டது. பூசாரிகூட மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

நாச்சியம்மாள் இலையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "எனக்கென்னடா தடை? அவ பொறந்தப்ப எனக்கு ஆறு வயசு. ராசாத்தாள்னு கூப்புடோணும்னு அப்பன்கிட்ட அழுது அடம்புடிச்சு அந்தப் பேர வெக்க வெச்சதே நாந்தான். நான் வெச்ச பேரு மேல நான் உக்காராம எவ உக்காருவா?"

நடந்தார். நடந்து, பூசாரியைத் தாண்டி, 'ரா'வின் வளைவில் போய் நின்றார்.

"சித்தத் தள்ளு. இத்தாம்பெரிய எழுத்துல எனக்கு எடமில்லியா?"

ராசாத்தாள் தள்ளினார். இரண்டு பேரும் ஒரே எழுத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ராசாத்தாள் தன் அப்பளத்தை உடைத்துப் பாதியை அக்காள் இலையில் வைத்தார். அதற்குப் பிறகு வெகுநேரம் இரண்டு பேரும் குனிந்த தலை நிமிரவில்லை. நான் பார்க்காததுபோல மோரைக் குடித்தேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு முதலில் நிமிர்ந்தவர் நாச்சியம்மாள்தான். "ஏண்டி, அந்தப் புள்ளைகிட்ட உனக்கு எத்தன எச்சாப் போடச் சொன்ன?"

"நீ எத்தன சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"நானும் ஒண்ணும் சொல்லல."

இரண்டு பேரும் திரும்பிச் சண்முகப்ரியாவைப் பார்த்தார்கள். அவள் வாய் நிறையச் சோற்றைப் போட்டுக்கொண்டு, பேச முடியாது என்று கையைக் காட்டினாள். கெட்டிக்காரி என்று நான் முதலிலேயே சொன்னேன்.

தம்பிதுரைக்கு இதுதான் சமயம் என்று தோன்றியது. ஓரமாக வந்து, "ஏனுங்க அம்மாக்களா, மிச்சம் ஆறு ஜமக்காளம் எப்ப ஆரம்பிக்கட்டுமுங்க?" என்றார்.

"வேண்டாம்!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். வேப்பமரத்தில் இருந்து காக்கை எழுந்து பறந்தது. பதினேழு வருசத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

கதை அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து போகிறதற்கு முன்னால் ஒரு நிமிசம் இருங்கள். உங்கள் வீடுகளில் பந்தி விரிக்கிற காரியங்கள் வரிசையாக வரட்டும். வந்த சொந்தம் யாரும் நிற்காமல் எல்லோருக்கும் உட்கார இடம் கிடைக்கட்டும். அடுப்பு அணையாமல், மாடு கன்று நோகாமல், பிள்ளைகள் பேர் சொல்ல வளர்ந்து, அக்காள் தங்கை ஒரே இலையில் தின்று, நீங்கள் மகராசியாக, மகராசனாக இருக்க வேண்டும். போய் வாருங்கள் சாமி.